சோக முகத்துடன் அடிக்கவும்

செபமாலையை மொன்றியலில் வைத்து அடித்தார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அடித்தவர்களே நம்பவில்லை. கனடாவில் அகதியை ஆராவது அடிப்பானா, சும்மா கதை விடாதே என்பீர்கள். பொறுங்கள், முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அடித்த இடத்தில் கோப்பி இருந்தது, பிஸ்கற் இருந்தது, மருந்துப் பெட்டியோடு ஒரு தாதி இருந்தாள், அடிக்கிற பொல்லுக்குக்கூடக் காப்புறுதி இருந்தது. அடி மட்டும் அசல் அடி.

செபமாலை மட்டக்களப்பு தாண்டவன்வெளியான். சைக்கிள் கடை வைத்திருந்தவன். கொன்வென்ற் சிஸ்டர்மாரின் சைக்கிள்களைத் திருத்தித் திருத்தி ஓரளவு இங்கிலீசும் பழகியிருந்தான். எண்பத்தைந்தில் ஆமி வந்து, கடையில் கிடந்த காற்றடிக்கிற பம்பைக் குண்டு செய்கிற சாமான் என்று சொல்லி ஆளை ஏற்றிக்கொண்டு போனது. முகாமில் வைத்து முதுகை உரித்தார்கள். அங்கே அவன் ஒன்று படித்தான்: கத்திக் குழறுகிறவனுக்கு இன்னும் அடி விழும். வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறவனை அடித்து அவர்களுக்கே அலுத்துவிடும். அப்படி அலுத்துப்போன ஒரு காலையில் அவனை றோட்டில் கொண்டுவந்து போட்டார்கள். மனைவி மரியம்மாவையும் சின்ன மகள் கிளியையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, ஏஜென்சிக்காரன் காட்டிய வழியெல்லாம் சுற்றி மொன்றியல் வந்து சேர்ந்தான்.

டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துச் சாப்பாட்டுத் தட்டுக் கழுவுகிற வேலை. வில்லரேயில் ஊர்ப் பெடியளோடு ஒரு அறை. கனடா அவனை அகதி என்று ஏற்றுக்கொண்டால் மரியம்மாவையும் கிளியையும் இங்கே கூப்பிட்டு எடுக்கலாம். ஏற்காவிட்டால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரிலோ ஓயாத சுற்றிவளைப்பு. விடிந்தால் இதே யோசினை, படுத்தாலும் இதே யோசினை.

அந்த நாட்களில் அகதி விசாரணைக்கு எங்கள் ஆட்கள் ஒருவரும் தயாரில்லாமல் போவதில்லை. குணரத்தினத்தாரிடம் படித்துவிட்டுத்தான் போவார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாடகங்கள் பழக்கியவர். இங்கே பார்க் எக்ஸ்ரென்ஷனில் அவருடைய வீட்டுக் குசினியே வகுப்பறை. அடிபட்டவனுக்கும் பாடம், அடிபடாதவனுக்கும் பாடம், தேத்தண்ணி மட்டும் பொது.

"தம்பி, உண்மையிலை அடிபட்டவன்தான் கோட்டை விடுறவன்," என்றார் செபமாலையிடம். "அடிபடாதவன் பாடமாக்கி ஒழுங்காச் சொல்லுவான். நீ தடுமாறுவாய். இஞ்சை பார், அவங்கள் கேக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிராதை. போன கையோடை கதையைத் தொடங்கு. விசாரணைத் தலைவர் தண்ணி குடிக்கேக்கை அழாதை, வீணாப் போயிடும். குடிச்சு முடிச்சுக் கிளாசை வைக்கேக்கை அழு. பேந்து சேட்டைக் கழட்டி முதுகைக் காட்டு."

"பொம்புளயள் இருந்தா என்ன செய்ற, அண்ணை?"

"பொம்பிளையள் இருந்தால் இன்னும் விசேஷம். கழட்டு."

விசாரணை நாளன்று செபமாலை குணரத்தினத்தாரின் கோட்டைப் போட்டுக்கொண்டு நகர நடுவில் ஒரு உயரமான கட்டிடத்துக்குப் போனான். லிஃப்ற் ஒரு மாடியில் நின்று கதவு திறந்தது. பார்த்தால் நீட்டுக்கு வாங்குகள், வாங்கு நிறையக் குந்தியிருக்கும் ஆட்கள். கறுப்பு, மாநிறம், கிழிந்த கோட், பயந்த முகம். இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? இதுதான் இடம் என்று இறங்கி அவர்களோடு குந்திவிட்டான். அவனுடைய விசாரணை அதற்கு மேல்மாடியில். அங்கே அவன் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்து, ஆள் வரவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். பாவி மனிசன், ஒரு மாடி!

அவன் இறங்கிய மாடியில் இருந்தது தேசிய நினைவுப்படச் சபை. அரசாங்கம் செய்த அநியாயங்களைப் படமாக எடுப்பதற்கென்றே அரசாங்கம் வைத்திருந்த சபை அது. ஒரு நிபந்தனைதான்: அநியாயம் செய்தவர்கள் எல்லாரும் முழுப் பென்சனோடு ஓய்வு பெற்றிருக்கவேண்டும். அந்த வருடம் எடுத்துக்கொண்டது டெலியா மார்ஷ் என்ற ஜாஸ் பாடகியின் வாழ்க்கை. முப்பது வருடத்துக்கு முன் இந்த ஊர் இரவு விடுதிகளில் பாடிப் பேர் எடுத்தவள். ஒரு அமைச்சரைக் கிண்டல்பண்ணி ஒரு பாட்டுப் பாடினாள். அதன்பிறகு அவள் பாடுகிற விடுதிகளுக்கெல்லாம் பூட்டு விழுந்தது, கடைசியில் பொலிஸ் புகுந்து அவள் தாடையை உடைத்தது. வாங்கில் பயந்த முகத்தோடு இருந்தவர்கள் அந்த அடிதடிக் காட்சியில் அடிவாங்கி நடிக்க ஆசைப்பட்டு வந்தவர்கள். பயந்த முகத்தோடு வரச்சொல்லி விளம்பரத்தில் போட்டிருந்தது.

செபமாலையை உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவி மதாம் தெலில். ஒரு பக்கம் படத்தின் இயக்குநர். மற்றப் பக்கம் தடித்த கழுத்தோடு ஒரு கிழவர், பிரூனெ, ஓய்வுபெற்ற பொலிஸ் சாஜன். குணரத்தினத்தார் சொன்னது சொன்னபடி! செபமாலை இருக்கவுமில்லை, தெரிந்த இங்கிலீசில் கதையைத் தொடங்கினான். பம்பைச் சொன்னான், முகாமைச் சொன்னான், பக்கத்தில் தொங்கவிட்டிருந்தவன் செத்ததைச் சொன்னான். மதாம் தண்ணீர் குடித்தாள். கிளாஸ் மேசையில் தொட்ட நேரம் பார்த்து அழ நினைத்தவனுக்கு, உண்மையாகவே பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. சேட்டைக் கழற்றித் திரும்பி நின்றான்.

மூன்று பேரும் எழும்பிக் கைதட்டினார்கள். இயக்குநர் கட்டிப்பிடித்தார். சாஜன் பிரூனெ கிட்ட வந்து தழும்புகளை விரலால் தடவி, "ஆர் செய்த வேலை? கை நல்ல கை," என்றார். மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேறு ஒருவரையும் பார்க்கத் தேவையில்லை. உங்களை ஏற்றுக்கொண்டோம்," என்றாள்.

அன்று பின்னேரம் குணரத்தினத்தார் ஜான்-டலோன் சந்தைக்குப் போய் ஒரு முழு ஆட்டுத்தொடையோடு வந்தார். "நான் பழக்கினதுகளிலை இவன்தான் உச்சம்," என்று வந்தவன் போனவனுக்கெல்லாம் சொன்னார். செபமாலை ஊருக்குப் போன் எடுத்து மரியம்மாவிடம் சொல்ல, அவள் அன்றைக்கே வியாகுல மாதா கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனாள்.

இரண்டு கிழமையால் அறை வாசலில் கார் வந்து நின்றது. அரசாங்கக் கார்! அகதி அட்டை தரத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினான். கால்வாய்ப் பக்கத்தில் ஒரு பழைய விடுதி முன்னால் இறக்கினார்கள். இறங்கிப் பார்த்தால் பொலிஸ் வண்டிகள். சீருடை. கையில் பொல்லுகள். செபமாலைக்குக் காலடியில் தாண்டவன்வெளி றோட்டுத்தான் தெரிந்தது. எடுத்தான் ஓட்டம். சீருடைக்காரர் துரத்திப் பிடித்துப் பனியில் முகம் குப்புறப் போட்டு, முதுகில் முழங்காலை ஊன்றிக் கையை முறுக்கினார்கள். இயக்குநர் ஓடிவந்து, "அற்புதம்! கமெரா இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள்," என்றார்.

அப்போதுதான் விசயம் விளங்கியது. இது படம். இவர்கள் நடிகர்கள். அவனுக்குப் பாட்டுக்காரியைக் காப்பாற்ற வந்து அடிவாங்குகிற விடுதிச் சேவகன் வேடம். அவனுடைய விசாரணையோ அவன் இல்லாமலே முடிந்துபோய்விட்டது. செபமாலை தலையில் கைவைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டான்.

"எனக்கு இந்தப் படம் வேணாம் மேடம். நான் மறுகா விசாரணைக்குப் போகணும். என்ட பொஞ்சாதி பிள்ள அங்க."

மதாம் தெலில் அவன் தோளில் கைவைத்தாள். "இரண்டாம் விசாரணைத் தவணை நான் வாங்கித் தருகிறேன். அங்கே உங்களுக்காக என் சாட்சியும் இருக்கும். ஆனால் இந்தக் காட்சி முடியவேண்டும். அரசுக்கு ஒத்துழைத்தவரை அரசு மறப்பதில்லை."

மரியம்மாவை நினைத்தான், கிளியை நினைத்தான். எழும்பிப் போய் நின்றான்.

படப்பிடிப்புத் தொடங்கமுன் மதாம் எல்லாருக்கும் பேசினாள். "நண்பர்களே, உலகத்தில் எந்த அரசாங்கம் தன் குடிமகளின் தாடையை உடைத்துவிட்டு, அதை இவ்வளவு செலவில் வண்ணப் படமாகவும் எடுக்கிறது? வறிய நாடுகளில் தாடையை உடைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே கலாசாரம் வளரவில்லை. நாம் எதையும் மறைக்கப்போவதில்லை. எந்த அரசாங்கம் என்பதை மட்டும் சொல்லப்போவதில்லை. மத்திய அரசு மாகாணம் என்கிறது, மாகாணம் நகரம் என்கிறது, மூன்றும்தான் படத்துக்குப் பணம் தருகின்றன. ஆகவே வசனத்தில் 'ஒரு அரசாங்கம்' என்றே வரும். சமநிலைக்காக இன்னொரு திருத்தம். பொலிசார் சோக முகத்துடன் அடிக்கவும்."

பொலிஸ் நடிகர்கள் வரிசையில் நின்று சோக முகம் பழகினார்கள்.

அடுத்தது சாஜன் பிரூனெ. சபையில் அவருக்கு உண்மை ஆலோசகர் என்று பதவி. டெலியாவின் தாடை எப்படி உடைந்தது என்று அவருக்கு நேரில் தெரியும், உடைத்ததே அவர்தான். அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்கவேண்டும். "அந்தப் பெண்ணையும் ஆலோசகராக வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அவள் கீழே கிடந்தவள். கீழே கிடக்கிறவளுக்கு என்ன தெரியும்? நான் மேலே நின்றவன். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது." அதற்கும் கைதட்டினார்கள்.

முதலில் றப்பர் பொல்லால் அடித்தார்கள். பொல்லு ஓங்கின உடனே செபமாலையின் உடம்பு தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. கீழே விழுந்தான், முழங்காலை நெஞ்சோடு மடக்கினான், தலையைக் கையால் மூடினான். ஒரு சத்தமில்லை.

"கட்!" என்றார் இயக்குநர். "இது நம்பும்படியாக இல்லை. அடிவாங்குகிறவன் இப்படியா கிடப்பான்? குழறவேண்டும்!"

"நான் அடிவாங்கினவன் சேர். இப்பிடித்தான் கிடக்கிற."

"உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அது படத்துக்குப் பொருந்தவில்லை."

மதாமுக்கும் கவலை. இவன் குழறாவிட்டால், இவ்வளவு சோகமாக அடிக்கிற பொலிசார்மேல்தான் பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வரும் என்றாள். சாஜன் பிரூனெ கோட்டைக் கழற்றினார். "என்னிடம் விடுங்கள்," என்று றப்பரை எறிந்துவிட்டு, பெட்டியிலிருந்து தன் பழைய மரப்பொல்லை எடுத்தார். அதை அவர் எண்ணெய் பூசி வைத்திருந்தார்.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கே சொல்ல வாய் கூசுகிறது. பழைய தழும்புக்கு மேலேயே விழுந்தது. விலாவில் ஏதோ நொறுங்கியது கமெராக்காரனுக்கும் கேட்டது. மூக்கால் ரத்தம் ஓடி விடுதிப் பலகையில் தேங்கியது. ஒப்பனைக்காரி ஓடிவந்து, நிறம் போதாது என்று அதற்கு மேல் சிவப்புச் சாயம் ஊற்றினாள். செபமாலை வாயைத் திறக்கவில்லை. மதாம் நாற்காலியில் கோப்பிக் கோப்பையோடு இருந்து, "இன்னொரு முறை," என்றாள். திரும்பவும், "இன்னொரு முறை." கடைசியில் பொல்லு இரண்டாக முறிந்தது. அவ்வளவுதான், எல்லாரும் பதறிப்போனார்கள்! பாதுகாப்பு அதிகாரி ஓடிவந்தார், வேலையை நிறுத்தினார், முறிந்த பொல்லை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். காப்புறுதிக்காரன் வந்து பார்க்கும்வரை ஒருவரும் அதைத் தொடக்கூடாதாம்.

செபமாலை சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்வாசலுக்குப் போனான். அங்கே காவலாளியோடு ஒரு வயதான கறுப்புப் பெண் வாதாடிக்கொண்டு நின்றாள். முகத்தின் ஒரு பக்கம் கோணல்.

"நீ ஆர்?" என்றாள் அவனைப் பார்த்து.

"அடிவாங்குறவன்."

"நான் டெலியா மார்ஷ். இந்தப் படம் நான்தான். என்னை உள்ளே விடமாட்டார்களாம். என் ஞாபகம் கதைவசனத்தோடு ஒத்துவரவில்லையாம். படத்தில் என் குரல் அடியால் அல்ல, மொன்றியல் குளிரால்தான் போகிறது." படியில் அவனை இருத்தி, பக்கத்தில் குந்தி அவன் சேட்டைத் தூக்கிப் பார்த்தாள். "பிரூனெயா?"

"ஓம்."

"வீட்டுக்குப் போ. இவர்களுக்காக அடிவாங்காதே."

"மேடம் வாக்குத் தந்திருக்கா. கேசுல எனக்காகச் சொல்லுவாவாம்."

டெலியா சிரித்தாள். சிரித்தால் தாடை நோகும்போல, கையால் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் வாக்குத் தந்தார்கள். அந்தப் பாட்டை மட்டும் பாடாதே, மற்றதெல்லாம் பாடலாம் என்றார்கள். பாடவில்லை. பிறகும் வந்து உடைத்தார்கள்."

படம் வெளிவந்தது. செபமாலையின் சத்தம் கிடைக்காதபடியால், நாடகக் கல்லூரியில் பட்டம் எடுத்த ஒருவனைக் கொண்டு குழறவைத்து ஒட்டினார்கள். சிறந்த குழறலுக்கென்று அவனுக்கு விருது கிடைத்தது. மேடையில் ஏறி, அந்த வேதனையைக் கண்டுபிடிக்கத் தான் பட்ட பாட்டைச் சொல்லி அவன் விம்மியபோது அமைச்சரே அழுதாராம்.

மதாம் தெலிலுக்கும் பதவி உயர்வு. யார் உண்மையாகத் துன்பப்பட்டார், யார் படவில்லை என்று கண்டுபிடிப்பதில் இவ்வளவு கெட்டிக்காரியை வேறு எங்கே போடுவது? அகதி விசாரணைக்குத் தலைவியாகப் போட்டார்கள். செபமாலையின் இரண்டாம் தவணை அவளுடைய மேசைக்கே வந்தது. குணரத்தினத்தார் துள்ளிக் குதித்தார். "தெரிஞ்ச மனிசியடா! கண்ணாலை பாத்த சாட்சியே நீதிபதி! இதைவிட என்ன வேணும் உனக்கு?" செபமாலையும் நம்பினான். விலா நோகும்போதெல்லாம், இது மரியம்மாவுக்காக, இது கிளிக்காக என்று தடவிக்கொண்டான். டெலியாவும் சாட்சி சொல்ல வந்தாள். பதிவான உண்மையோடு முரண்படுகிறவர் என்று அவளை வெளி வாங்கில் இருத்திவிட்டார்கள்.

பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டுச் செபமாலை சொன்னான். பம்பைச் சொன்னான், முகாமைச் சொன்னான், பக்கத்தில் தொங்கியவனைச் சொன்னான். மொழிபெயர்க்க வந்த நகுலேஸ்வரன் ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னார். மதாம் தண்ணீர் குடித்துக் கிளாசை வைத்தாள். செபமாலைக்கு அழுகை வந்துவிட்டது.

"கதையில் இதே இடத்தில்தான் அன்றும் அழுதீர்கள்," என்றாள் மதாம். "அதே பம்ப், அதே கண்ணீர். நான் இந்தத் துறையில் நீண்டகாலம் இருந்தவள். அடிபட்டவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் மிகச் சிறந்த நடிகர். அதுதான் என் சிக்கல்."

செபமாலை சேட்டைக் கழற்றினான். அவள் எழும்பி வந்து, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, முதுகை அழுத்தித் தேய்த்தாள். தழும்பைப் படத்துச் சாயம் என்று நினைத்தாளாக்கும், போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஆறுவதும் உடைவதுமாக இருந்த இடம் ஒன்று பிளந்து கைக்குட்டை சிவந்தது.

"இது புதுக் காயம்," என்றாள் மதாம், உண்மையாகவே திடுக்கிட்டு. "இதை யார் செய்தது?"

"அரசாங்கம்."

"எந்த அரசாங்கம்?"

சத்தியம் செய்தவன் பொய் சொல்லலாமா? கையைப் பின்னால் வளைத்து, தொட்டுத் தொட்டுக் காட்டினான். "இது ஆமி. இது ஆமி. இது ஆமி போட்டதுக்கு மேல பிரூனெ சேர் போட்ட. இந்த விலா நீங்க கோப்பி குடிச்சிக்கிட்டு, இன்னொருக்கா எண்டு சொல்லக்குள்ள முறிஞ்ச."

நகுலேஸ்வரன் வாயைத் திறந்தார், மூடினார், தண்ணீர் குடித்தார், பிறகு மொழிபெயர்த்தார்.

மதாம் தெலில் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "மனுதாரரை இந்தச் சபை முழுமையாக நம்புகிறது. அவர் ஒரு அரசாங்கத்தால் கொடுமையாகத் தாக்கப்பட்டார் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடைசியாகத் தாக்கப்பட்டது இந்த நாட்டில். எந்த நாட்டில் தாக்கப்பட்டாரோ அந்த நாட்டிலேயே ஒருவர் புகலிடம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. வெளியே போய்த்தான் கேட்கவேண்டும். வெளியே போவதற்கு இந்தச் சபை எல்லா உதவியும் செய்யும். விமானம் அடுத்த கிழமை."

மெற்றோ நிலையத்துப் போன் பெட்டிவரைக்கும் டெலியாதான் அவனைப் பிடித்துக்கொண்டு போனாள். அவளே காசு போட்டாள். ஊரில் மரியம்மா பக்கத்து வீட்டுப் போனடியில் காத்துக்கொண்டு இருந்தாள்.

"என்னங்க? கேசு என்ன மாதிரி?"

"நம்பிட்டாங்க மரியம்மா."

"மாதாவே! எல்லாத்தையுமா?"

"ஓம். அடிச்ச, முதுகு, எல்லாம். ஒரு சொல்லும் பொய்யில்லையாம்."

அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். மரியம்மா கிளியைக் கூப்பிடுகிறாள், அப்பாட கேசு முடிஞ்சி போச்சு என்கிறாள், மாமியார் அழுகிறாள், ஆரோ கைதட்டுகிறார்கள். பிறகு மரியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பவும் போனுக்கு வந்தாள்.

"மறுகா எப்பங்க எங்கள எடுக்கிற?"

முகாமில் வாய் திறக்காதவன், சாஜன் பிரூனெ பொல்லு முறிய அடித்தும் வாய் திறக்காதவன், போனை நெஞ்சோடு அமத்திப் பிடித்துக்கொண்டு குழறினான். ரெயிலுக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்க்கக் குழறினான். டெலியா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு இரண்டு பொலிஸ்காரர் பொல்லோடு படியிறங்கி ஓடிவந்தார்கள். இரண்டு பேருடைய முகமும் நல்ல சோகமாக இருந்தது.